மூன்றெழுத்துச் சீட்டு

நான் எழுதியது பாவாடை என்றுதான்.

ஆன்ட்வெர்ப் துறைமுகத்துக்குப் பின்தெருவில்
இரவு முழுக்க ஓடும் சலவைக்கூடம். நவம்பர் மழை.
குடையில்லாமல் வந்தவள்
மேசைமேல் ஒரு கறுப்புத் துணியை வைத்தாள்.
பெயர் சொன்னாள், தொலைபேசி எண் சொன்னாள்.
எண்ணில் ஓர் இலக்கம் குறைவது
அவள் போன பிறகுதான் தெரிந்தது.
மஞ்சள் சீட்டில் கொட்டை எழுத்தில் எழுதிக் குத்தினேன்:
ரோக்.
எங்கள் தெருவில் அது பாவாடை. அவ்வளவே.

யத்விகா சீட்டைப் பார்த்து விரல் மடித்தாள்.
லூப்ளினில் அது ஆண்டு.
"என் ஒப்பந்தத்தில் மீதி எழுபது நாள்.
இந்தத் துணிக்கு முழுசாய் ஓர் ஆண்டா?
துணியாய்ப் பிறந்திருக்கலாம்."

திஹோமிர் சீட்டைத் திருப்பித் திருப்பித்
தேதியைத் தேடினான்.
ஸ்பிலிட்டில் பால் பெட்டியின் மேலும் அந்தச் சொல்தான்,
வரி அலுவலகக் கடிதத்தின் அடியிலும் அந்தச் சொல்தான்:
கெடு.
"கெடு என்று எழுதிவிட்டு
எப்போது கெடும் என்று எழுதாமல் விட்டால்?"
என்னைப் பார்த்துக் கோபமாகவே கேட்டான்.

குனெல், சுவீடன் கப்பலின் படுக்கை விரிப்புகளைக்
கொண்டுவந்து போடுகிறவள்,
ஓர் எழுத்து குறைகிறது என்றாள்.
குறைந்தாலும் பரவாயில்லை, மேலங்கிதானே,
குளிருக்கு ஆகும் என்று கையை நுழைக்கப் பார்த்தாள்.
கைக்கு வழியில்லை.

வண்டி ஓட்டும் செப்பெ
துடைப்பத்தைத் தூக்கி கிட்டார் வாசித்தான்.
அவனுக்கு எல்லாமே அப்படித்தான்.

ஸினைதா படிக்கவில்லை. காதில்தான் விழுந்தது.
இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.
அவள் மொழியில் அது ஊழ்.
பேருந்தைத் தவறவிடுகிற ஊழ் அல்ல,
கதவைத் தட்டாமல் உள்ளே வருவது.
"நான் இதைத் தொடமாட்டேன்" என்றாள்,
அன்று முழுக்க வேறெதையும் சரியாகத் தேய்க்கவுமில்லை.

வீட்டுக்குப் போய், ஈரச் சப்பாத்தோடே
அகராதியை எடுத்தேன்.
அவர்கள் மூவருடையதும் ஒரே வேர்:
சொல்லுதல்.
ஒருவர் சொன்னது.
சொல்லிவைத்த நாள் கெடு,
சொன்னபடி சுற்றி வந்தால் ஆண்டு,
சொன்னதை இனித் திருப்ப முடியாதென்றால் ஊழ்.
என் பாவாடைக்கு அந்த வீட்டில் இடமில்லை.
குனெலின் மேலங்கியோடு அது தனிக் குடும்பம்.
நூல் நூற்கிற கோலுக்கு உறவோ என்று
யாரோ ஒருவர் ஐயப்பட்டிருக்கிறார்,
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.
வெறும் ஓசைதான் எங்களை
ஒரே மேசைக்கு அழைத்து வந்தது.

துணிக்காரி வரவில்லை.
குறைந்த இலக்கத்துக்குப் பூச்சியம் முதல் ஒன்பது வரை
முயன்று பார்த்தேன்;
ஏழில் ஒரு மீன்கடை எடுத்தது.
ஜனவரியில் யத்விகா போனாள்,
போகுமுன் அதைத் தேய்த்து மாட்டிவிட்டு.
ஆண்டொன்று கழிந்தால் தர்மப் பெட்டிக்கு,
இது கடையின் விதி, சுவரில் ஒட்டியிருக்கிறது.
திஹோமிர் நாள்காட்டியில் வட்டம் போட்டிருந்தான்,
யாரும் கேட்காமலே.

அந்த நவம்பர் வந்தது. அதே மழை.
பெட்டிக்கு எடுத்துப் போகச் சீட்டைக் கழற்றினேன்.
ஸினைதா வந்து எதிரில் நின்றாள்.
"குடு" என்றாள்.
திரைக்குப் பின்னால் போனாள், வந்தாள்.
நீளம் சரி.
இடுப்பில் ஓர் அங்குலம் பிடிக்க வேண்டும்.
ஊழுக்கும் தையல்கூலி உண்டு,
ஒன்பது யூரோ என்றேன்.
சிரிக்கவில்லை. எண்ணிக் கொடுத்தாள்.

சீட்டு இன்னும் என் மேசை இழுப்பறையில்.
பின்பக்கம் காலி.
அடுத்த துணி வந்தால் அதிலேயே எழுதலாம்;
இருந்தும் கதவு மணி அடிக்கும்போதெல்லாம்
பேனாவைத் திறந்துவிட்டு
முதலில் கேட்டுக்கொள்கிறேன்,
உள்ளே இன்று யார் யார் வேலையில் என்று.