எண் 2206

காலை ஏழுக்குள் மேசையைத் துடைத்துவிட வேண்டும்.
எட்டு மணிக்கெல்லாம் ஆமு தரியாவுக்கு அப்பாலிருந்து
புழுதிக்காற்று கிளம்பிவிடும்.
துடைத்த மண்ணும் தோண்டிய மண்ணும் ஒரே நிறம்,
எதற்கு எண் போடுவது என்று
முதல் வருடம் எனக்குக் குழப்பமாகவே இருந்தது.

தெர்மேஸ் சந்தையில் நிறமில்லாத நகப்பூச்சு
இருபது புட்டி கேட்டேன்.
"வீட்டில் கல்யாணமா, சுல்ஹுமார்?"
ஆமாம், இரண்டாயிரம் மணப்பெண்கள்,
ஒருத்திக்கும் கழுத்து முழுதாக இல்லை என்றேன்.
கடைக்காரி சிரிக்கவில்லை.
சில்லறையை இரண்டு முறை எண்ணிக் கொடுத்தாள்.

ஓட்டின் உட்பக்கம், கண் படாத ஓரத்தில்
ஒரு பூச்சு.
காய்ந்தபின் ஊசிமுனைப் பேனாவால் எண்.
எண்ணின்மேல் இன்னொரு பூச்சு.
உயிரோடிருந்த காலத்தில் இந்த நகரத்தை
யாரும் இவ்வளவு பத்திரமாகத் தொட்டிருக்க மாட்டார்கள்.
இறக்கி வைத்திருப்பார்கள், கவிழ்த்திருப்பார்கள்,
கோபத்தில் ஒன்றிரண்டை எறிந்திருப்பார்கள்.

நிறத்துக்கு ஒரு வண்ண அட்டை உண்டு.
மாதுளைத் தோல் என்று எழுதக்கூடாது,
செம்பழுப்பு என்று எழுத வேண்டும்.
பயன் என்னும் கட்டத்தில்,
தெரியாததற்கெல்லாம் 'சடங்கு' என்று எழுதுவது
எங்கள் துறையின் பழைய சடங்கு.
நேற்று மட்டும் பதினொன்று.
அதில் ஒன்று நிச்சயம் பானைமூடியின் குமிழ்.
இன்னொன்றை என் மகன் கையில் கொடுத்தால்
யோசிக்காமல் தரையில் உருட்டுவான்.

பிறகு குதிரை வந்தது.
பாதிக் குதிரை.
சுட்ட மண், பிடரி, ஒரு காது, முன்னங்கால் இரண்டு.
2206 என்று எழுதி ஊதிக் காயவைத்தேன்.
உடைந்த இடத்தின் சாய்வு
எங்கேயோ பார்த்ததுபோல் இருந்தது.
முப்பத்தொன்றாம் பெட்டி, பாதாமி பழம் வந்த அட்டைப்பெட்டி,
அதற்குள் பருத்தியில் சுற்றிய பின்பாதி.
எண் 88.
எழுபத்துமூன்றாம் வருடத் தோண்டல்.

வைத்தேன். கவ்விக்கொண்டது.
சத்தம்கூட இல்லை.
இரண்டாயிரம் வருடம் ஒன்றாக மண்ணில்,
ஐம்பது வருடம் தனித்தனியாக.
எது நீண்ட பிரிவு என்று
குதிரையைக் கேட்க முடியாது.

விதி தெளிவானது: மூத்த எண் வாழும்.
என் எண்ணின்மேல் சிவப்புக் கோடிட்டு
'காண்க 88' என்று எழுதினேன்.
2206 இனி யாருக்கும் கிடையாது.
அடுத்து வரும் ஓடு 2207.
இந்தப் பட்டியலில் காலி இடமும் ஒரு பொருள்தான்,
அளவு மட்டும் எடுக்க முடியாது.

88ஐச் சரிபார்க்கப் பழைய பதிவேட்டைத் திறந்தபோது
ரைசா பெத்ரோவ்னாவின் ஊதா மை.
அடுத்த வரி, 89:
'கொம்புப் பொத்தான். நான்கு துளை.
காலம் ஐயத்துக்குரியது. பயன்: சடங்கு?'
கீழே வேறு கையில், பென்சிலில்:
'துர்திகுலின் சட்டையுடையது.
நேற்று முழுக்கக் குழிக்குள் தேடினான்.'

ஏன் திருப்பிக் கொடுக்கவில்லை?
கொடுத்த எண்ணைத் திரும்பப் பெற முடியாது,
அதனால்தான் இருக்கும்.
அல்லது, பென்சில்காரர் எழுதிய நாளில்
துர்திகுல் ஊருக்குப் போயிருக்கலாம்.
மண்வெட்டிக்காரர்களின் கூலிப்பட்டியல்
எந்த அலமாரியிலும் இல்லை.

பொட்டலத்தைப் பிரித்தேன்.
இரண்டு துளைகளில் நூல் இன்னும் இருக்கிறது,
நீலம், பாதி விரல் நீளம்,
முடிச்சு ஒருபக்கமாக இழுத்த அவசர முடிச்சு.
அளந்தேன். எழுதினேன்.
வண்ண அட்டையில் இந்த நீலம் இல்லை,
அட்டை மண்ணுக்கு மட்டும்தான்.

கேள்விக்குறியோடிருந்த சடங்கை அடித்துவிட்டு
பயன் கட்டத்தில் எழுதினேன்:
கழுத்துக்குள் புழுதி போகாமலிருக்க.

அதற்குள் ஜன்னல் ஆடத் தொடங்கிவிட்டது.
குதிரையை மூடினேன்.
தேநீர்ப் பியாலாவை மூட மறந்துவிட்டேன்.