காற்றுக்குக் கட்டிய கயிறு

புந்தா அரேனாஸில் காற்று முற்றும் நாட்களில்
சதுக்கத்து மூலைகளில் கயிறு கட்டுவார்கள்.
பிடித்துக்கொண்டு தெருவைக் கடக்கலாம்.
நான் பிடித்ததில்லை. வீம்பு.
என் வேலை மருத்துவமனையின் நிலவறையில்.
அங்கே காற்று கிடையாது.

செவ்வாய்க்கிழமை ஒரு சீழ் வந்தது.
எலிசேயோ பார்ரியா, நாற்பத்தொன்று, நண்டுத் தொழிற்சாலை.
ராஜநண்டின் முள் இடக்கையில் ஏறியிருக்கிறது.
கண்ணாடியில் தேய்த்து, தீயில் காட்டி,
ஊதாச் சாயம், அயோடின், பிறகு சாராயம்.
மெல்லிய சுவரென்றால் இந்த இடத்தில் வெளுத்துவிடும்.
இது வெளுக்கவில்லை.
குலைகுலையாய் ஊதா,
அடித்துக் கேட்டாலும் வாய் திறக்காத பிள்ளைகள்.

சுவர் என்கிறோம், அதில் செங்கல் இல்லை.
மொத்தமும் ஒரே மூலக்கூறு,
வாயே வைக்காமல் பின்னிய பை.
இழை இரண்டு சர்க்கரைகள், மாறி மாறி.
அதில் ஒன்று
எலிசேயோ நாள் முழுக்க உடைக்கும் ஓட்டில் இருப்பது.
குத்திய முள்ளும் குடிபுகுந்ததும்
ஒரே நூல்.

இழைக்கும் இழைக்கும் நடுவே பாலம்:
இந்தக் கிருமிக்கு ஐந்து கிளைசின்.
கிளைசினுக்கு இடக்கை வலக்கை கிடையாது.
நம் புரதத்தில் மற்றதெல்லாம் இடக்கை.
பாலத்துக்குக் காத்திருக்கும் நுனியிலோ
இரண்டு அலனின், இரண்டும் வலக்கை.
பாலம் சேரும்போது கடைசி அலனின் உதிரும்.
அந்த முறிவின் தெம்பில்தான் முடிச்சு இறுகுகிறது.
உள்ளே கார் டயரைப்போலப் பத்து மடங்கு அழுத்தம்.
ஒரு கண்ணி விட்டாலும் கதை முடிந்தது.

பெனிசிலின் வகையறா அந்த நுனியாக வேஷம் கட்டும்.
கொத்தனார் கை கொடுப்பான், ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான்.
வியாழக்கிழமை தட்டைத் திறந்தேன்.
மருந்து வில்லையின் விளிம்புவரை
பொன்மஞ்சள்.
ஏமாறாத இன்னொரு கொத்தனாரை
வேலைக்கு வைத்திருக்கிறது.

மாடிக்குத் தொலைபேசினேன்.
"அப்போ வேஷம் வேண்டாம், நெவென்கா,
நுனியையே மூடிவிடுவோம்" என்றார் டாக்டர் மார்தினிச்.
வான்கோமைசின். பருத்த உருவம்,
வலக்கை இரட்டையர்மேல் ஏறி உட்கார்ந்தால் எழாது.
இரண்டு நாள் போயிருந்தது.
தட்டு வளரும் நேரத்தை யாரும் குறைக்க முடியாது.
இருந்தாலும்.

நவம்பரில், சதுக்கத்தின் எதிர் மூலையில்,
தொழிற்சாலையின் மஞ்சள் மேலாடையில் ஒருவர்.
இடக்கையில் நான்கு விரல்.
அவராக இல்லாமலும் இருக்கலாம்.
எனக்கு அவர் சீழ்தான் தெரியும், முகம் தெரியாது.
இந்த ஊரில் விரல் போனவர்களுக்குப் பஞ்சமில்லை.

காற்றில் என் கண் கரித்து வழிந்தது.
கண்ணீரில் ஒரு நொதி உண்டு,
அந்தச் சர்க்கரை இழையை அறுப்பது.
இந்தக் கிருமியிடம் அதுவும் செல்லாது.

அன்றைக்குக் கயிற்றைப் பிடித்தேன்.
அங்கே நான்கு விரல் இழுப்பது
இங்கே என் உள்ளங்கையில்
தெரிந்தது.