வரை

பூச்சூடிப் போருக்குப் புறப்படும் வழக்கம்
இந்த ஊரில் இல்லை. இங்கே அட்டை.
நீலம் என்றால் ஆகட்டும். சிவப்பு என்றால் கூடாது.
வெள்ளை என்றால், வந்திருந்தேன், அவ்வளவுதான்.
ஒவ்வொன்றிலும் உறுப்பினர் பெயர் அச்சாகியிருக்கும்,
பிறகு நானில்லை என்று சொல்ல முடியாதபடி.

பெர்லின். இரவு பத்தேகால்.
நிகழ்ச்சிநிரலில் பதினான்காவது.
பதின்மூன்றாவது தேனீ வளர்ப்போருக்கான மானியம்.
அதற்குக் கூட்டம் இருந்தது.
இப்போது, அவைத்தலைவரே இருமுறை முயன்று
உச்சரித்த ஒரு மலைநாட்டுக்கு
'நூற்றெண்பது வீரர்கள் வரை'
இன்னும் ஓராண்டு அனுப்பலாமா என்பது கேள்வி.

அந்த 'வரை'க்காகக் குழு
மூன்று வாரம் உட்கார்ந்தது.
அமைச்சகம் கேட்டது இருநூற்றைம்பது.
எதிர்க்கட்சி இறங்கி வந்தது நூறுக்கு.
நூற்றெண்பது எந்தத் தளபதியின் கணக்கும் அல்ல.
ஒரு வியாழன் மாலை
ஆறிய காபிக்கும் கடைசி ரயிலுக்கும் நடுவே
பிறந்த எண்.
சிரிக்காதீர்கள்.
ஒரே ஒருவர் மட்டும் உட்கார்ந்து
எண் சொன்ன காலமும் அங்கே இருந்தது.

டோர்பென் ஹின்ரிக்சன், வடகடலோரத் தொகுதி.
படைமுகாம் அவர் தொகுதிக்குள் இருக்கிறது,
முகாமுக்கு ரொட்டி போடும் கடைக்காரரின் வாக்கும்.
போன ஆண்டு நீலம் போட்டார்.
மார்ச்சில் இரண்டு பெட்டிகள் வந்தன.
சுட்டவன் யாருமில்லை.
இறக்கத்தில் வண்டி நிற்கவில்லை.

பேச இரண்டு நிமிடம் கிடைத்தது.
எழுதிவைத்ததை விட்டுவிட்டு
ஒரு கடிதத்தை எடுத்தார்.
படைவீரர்களின் புகார் கேட்க
நாடாளுமன்றம் வைத்திருக்கும் அலுவலகத்துக்கு
யாரோ எழுதியது. பெயர் மறைக்கப்பட்டிருந்தது.
"பிரேக் கட்டைகளுக்கு எட்டு மாதமாகக் காத்திருக்கிறோம்.
பழையதைத் தேய்த்துத் திரும்பப் பூட்டுகிறேன்.
பூட்டும்போது வண்டி எண்ணைப் பார்ப்பதில்லை."
சிவப்பு விளக்கு மின்னியது.
அவையில் யாரோ தும்மினார்கள்.

முகாமின் சலவை அறையில்
ஸ்வான்ட்யே ப்ரோடர்சன், வண்டி பழுதுபார்ப்பவள்,
துணி உலர்த்தும் இயந்திரத்தின் மேல்
கைபேசியைச் சாய்த்துவைத்திருந்தாள்.
இயந்திர இரைச்சலில் கேட்காதென்று
ஒலியை அணைத்துவிட்டாள்.
நெட்டையான ஒருவர் ஏதோ காகிதம் படித்தார்.
அவர் வாயில் அசைந்தது தன் வாக்கியம் என்று
அவளுக்குத் தெரியாது.
பட்டியலில் அவள் நூற்றெண்பத்தொன்று.
யாராவது காலை உடைத்துக்கொண்டால் நீ, என்றிருந்தார்கள்.
பை பாதி நிரம்பியிருந்தது.

மணி அடித்தது. பேருந்துக்கு முண்டுவதுபோல்
பெட்டிகளைச் சுற்றிக் கூட்டம்.
சைக்கிள் தலைக்கவசத்தோடு ஓடிவந்தார் ஒருவர்.
ஹின்ரிக்சன் சட்டைப்பைக்குள் மூன்று அட்டைகள்.
விரலுக்கு நிறம் தெரியாது.
சிவப்பைத்தான் எடுத்திருந்தார்.
ஆனால் பிரேக் கட்டைக்கான பணமும்
இதே ஆணையின் ஏழாம் பத்தியில்தான் இருந்தது.
வெளியே எடுத்த கையை உள்ளே விட்டு
நீலத்தை எடுத்துப் போட்டார்.
போட்ட பிறகும் கொஞ்ச நேரம்
பெட்டியின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.
பின்னாலிருந்தவர் கனைத்தார்.

ஆதரவு முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று.
அடுத்தது, பதினைந்தாவது.

எங்கள் மொழியில்
மலைக்கும் வரை என்றொரு பெயர் உண்டு.
கோட்டுக்கும், எல்லைக்கும் அதுவே.
நூற்றெண்பது வரை. அதற்கு மேல்
ஓர் ஆள்கூட ஏறச் சட்டமில்லை.

காலையில் முகாம் படிக்கட்டில்
ஒரு சமையற்காரன் கணுக்காலைப் பிசகிக்கொண்டான்.
ஸ்வான்ட்யே துணிகளை எடுத்து மடித்தாள்.
இன்னும் கொஞ்சம் ஈரமாக இருந்தன.