ஏழு கால் நிழல்

ஓல்டன் மரப்பாலத்தில் இரவு பதினொன்றே கால்.
பார்சல் மையத்தின் மஞ்சள் மேலங்கியோடு
விளக்கடியில் முழங்காலிட்டிருக்கிறேன்.
கீழே ஆரே ஆறு இருட்டை இழுத்துப் போகிறது.
விளக்குக்கு வரும் பூச்சிகளை நம்பி
உத்தரத்து மூலையில்
வாடகை இல்லாமல் குடியிருக்கிறாள் பாலச் சிலந்தி.

தயிர் டப்பாவை வெட்டி
பிளாஷுக்கு முகமூடி கட்டியிருக்கிறேன்,
அவளுக்குக் கண் கூசாதாம். எனக்கு நானே சொல்வது.
கண்ணில் கூர்மை வந்தால்
வயிறு பனிக்குள் போய்விடுகிறது.
ஒரு மயிர் தடிப்பை முன்னால் நகர்த்தி, மூச்சடக்கி, இன்னொன்று.
சூரிச் ரயில் போனால் வலை நடுங்கும்.
அது போகும்வரை எண்ணிக்கொண்டிருப்பேன்.
நாயோடு வந்த ஒருவர்
ஏதும் தொலைந்துவிட்டதா என்று கேட்டார்.
இல்லை என்றேன், ஜெர்மன் மொழியில்,
கமராவை எடுக்காமல்.

வீட்டில், குசினி மேசையில்,
இருபத்திரண்டு படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன்.
போன வருடத்தவற்றைத் திறக்கவே வெட்கம்:
நிறத்தைப் பிழிந்து, கறுப்பை இடித்து,
ஒவ்வொரு மயிருக்கும் வெள்ளைக் கரை கட்டி,
சிலந்தியா அது, நகைக்கடை ஜன்னல் பொம்மை.
இந்த வருடம் கையைப் பின்னிழுக்கப் பழகுகிறேன்.

அப்போதுதான் கண்டேன்,
இடப்பக்கம் மூன்றாம் கால் இல்லை.
முறிந்த இடத்தில் ஒரு சிறு குமிழ்.

வலக்காலைப் பிரதி எடுத்துத் திருப்பி வைத்தேன்.
மூட்டைப் பொருத்தி, மயிரைக் கலந்து,
ஒளி வரும் திசைக்கு மினுக்கம் கொடுத்தேன்.
முக்கால் மணிநேரம். குறை சொல்ல இடமில்லை.
தேநீர் ஊற்றப் போய் வந்து
தள்ளி நின்று பார்த்தால்,
உத்தரத்தில் விழுந்த நிழலுக்கு
ஏழு கால்.

போன சனிக்கிழமை இதே மேசையில்
கோமளாதேவி அக்காவின் மகளுடைய
சாமத்தியவீட்டு ஆல்பம் முடித்தேன்.
விசா கிடைக்காத தாய்மாமனை
கடவுச்சீட்டுப் படத்திலிருந்து வெட்டியெடுத்து
மணவறைக்கு இடப்பக்கம் நிறுத்தினேன்.
கழுத்துக்குக் கீழே யாரோ ஒருவரின் கோட்டு.
அக்கா திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தா.
பேசியதற்கு மேல் ஐம்பது பிராங் வைத்தா.
அவனுக்கு நான் நிழல் போடவில்லை.
அவ அதைக் கேட்கவில்லை.

முப்பத்தொரு தரம் பின்னோக்கித் தட்டினேன்.
மினுக்கம் போனது, மயிர் போனது, கால் போனது.
குமிழ் திரும்பி வந்தது.
ஆல்பத்தைத் திறந்து
மாமனின் சப்பாத்தடியில் சுட்டியை வைத்து
கனநேரம் இருந்தேன்.
பிறகு எதையும் சேமிக்காமல் மூடினேன்.

மறுநாளும் பாலத்துக்குப் போனேன்.
வலையைப் புதிதாகக் கட்டியிருந்தாள்.
ஒரு பக்கம் மட்டும்
இழைக்கும் இழைக்கும் இடையில் கொஞ்சம் அகலம்.
அங்கே கூர்மையை வைத்தேன்.
சூரிச் ரயிலுக்கு
இன்னும் மூன்று நிமிடம் இருந்தது.