ஏறுவதற்கு இருபது தெத்ரி

லிஃப்டின் உண்டியலைத் திறப்பவன் நான்.
திபிலீசியில், க்ல்தானி வட்டாரத்தில்,
வெளிப்பூச்சு உதிர்ந்த ஒன்பது மாடிக் கட்டடம்.
இருபது தெத்ரி போட்டால்தான் மேலே ஏறும்.
கீழே வர ஒன்றும் வேண்டாம்.

ஜனவரி மாதத்து உண்டியலில்
காசோடு மண்ணும் இருந்தது.
நாணய விளிம்புகளில் அப்பியிருந்தது.
முகர்ந்தால் ஆட்டுப்புழுக்கை,
கொஞ்சம் புளித்த திராட்சை.
யார் கை என்று விசாரிக்க வேண்டியிருக்கவில்லை.
ஒன்பதாம் மாடி நனூலி,
ரயில்வே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள்,
ஞாயிறுதோறும் தரையை
மாடிக்குக் குடிபெயர்த்துக்கொண்டிருந்தாள்.

கடை மண்ணை அவள் நம்புவதில்லை.
"வெறும் பஞ்சு. ஒருநாள் காயவிட்டால்
கோபித்துக்கொள்ளும்,
ஊற்றிய தண்ணீரெல்லாம் ஓரமாய் ஓடிவிடும்."

ஆகவே குளியல் தொட்டியில் கலக்கிறாள்.
மூன்று தண்ணீரில் கழுவிய ஆற்றுமணல்.
பாப்லர் மரத்தடியில் இரண்டு குளிர்காலம் மக்கிய இலை.
சுத்தியலால் நொறுக்கிய ஹேசல் கொட்டை ஓடு.
எக்ஸ்ரே அறையில் ஐந்து பேர் குடித்த காப்பியின் வண்டல்.
முட்டையோடு, மாவாக.
அளவென்ன என்றால் உள்ளங்கையைக் காட்டுகிறாள்:
ஒரு பிடி எடு, இறுக்கு, விரி.
உருண்டை நிற்க வேண்டும்,
விரல் பட்டதும் உதிர வேண்டும்.
நிற்கவில்லையா, மணல் மிஞ்சிவிட்டது.
உதிரவில்லையா, களிமண்; பொம்மை செய்யலாம்.
அப்படியானால் குளிப்பது எங்கே என்று
நான் கேட்கவில்லை.

உரம் மட்டும் கீழே, கிடங்கில்.
குர்ஜானியிலிருந்து அத்தை மகன் அனுப்பிய
திராட்சைச் சக்கையும் ஆட்டுப்புழுக்கையும்
டிசம்பரில் குவித்தது.
பிப்ரவரி கடைசியில் ஆயிற்று என்று நினைத்தாள்.
பெயின்ட் வாளிகளில் பழுக்கக் காய்ச்சிய ஆணியால்
துளையிட்டு வைத்தாயிற்று.
தயிர்க் கோப்பைகளில் முப்பத்திரண்டு தக்காளி நாற்று,
ஊதா ரெஹானி தனியாக.
இன்றிரவு நடவு.

மூட்டையோடு அவள், சாவிக்கொத்தோடு நான்.
ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில்
லிஃப்ட் நின்றது. விளக்கும் போனது.
பழுதுபார்ப்பவனும் உள்ளேதான்.
ஸவுரியைக் கூப்பிட்டேன்:
"நாற்பது நிமிஷம்," என்றான், எதையோ மென்றுகொண்டே.

குளிர் ஷூவுக்குள் ஏறியது.
மூட்டை என் முழங்காலில் சாய்ந்திருந்தது,
தூங்கும் நாயைப் போல.
"நல்லவேளை, இது சூடாக இருக்கிறது," என்றேன்.

அவள் பதில் சொல்லவில்லை.
கயிற்றை அவிழ்த்தாள்.
முழங்கைவரை கையை விட்டாள்.
போன் வெளிச்சத்தில் ஆவி எழுந்தது.
மூக்கைக் கடிக்கும் நெடி.

"வேகுது," என்றாள். "இன்னும் வேகுது.
இதைக் கலந்திருந்தால்
வெள்ளிக்கிழமைக்குள் வேரெல்லாம் அவிந்திருக்கும்."

பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை.
இருவரும் கைகளை மூட்டைக்குள் விட்டுக்கொண்டோம்,
கணப்பில் காய்வதுபோல.
என் மகன் போலந்தில் லாரி ஓட்டுவதைச் சொன்னேன்,
போன் செய்வதில்லை என்பதையும்.
"ஈரமும் ஜாஸ்தி," என்றாள்,
மூட்டையைப் பற்றித்தான்.
"கிளறிக் காற்றுக் காட்டணும்.
காய்ந்த இலை போடணும்."
எப்போது ஆறும் என்றேன்.
"கைக்குத் தெரியும். நாள்காட்டிக்குத் தெரியாது."

ஸவுரி எங்களை ஆறாம் மாடிக்கு
அங்குலம் அங்குலமாக ஏற்றினான்.
கதவு திறந்ததும் அவள் ஒன்பதை அழுத்தவில்லை.
தரைத்தளத்தை அழுத்தினாள்.
வெந்துகொண்டிருந்த அந்த மண்
காசில்லாமல் இறங்கியது.

ஏப்ரலில் ஒரு மாலை அதே மூட்டை வந்தது,
பாதியாய் வற்றி.
இந்த முறை கேட்காமலே நான் கையை விட்டேன்.
சில்லென்றிருந்தது.
புழுக்கை எது, சக்கை எது, தெரியவில்லை.
மழை விட்ட காட்டின் வாசம்,
விரலைச் சுற்றிக்கொண்ட ஒரு புழு.

நாற்றுகள் அதற்குள்
கோப்பைக்கு மீறி வளர்ந்து
ஜன்னல் பக்கமாய்ச் சாய்ந்துவிட்டனவாம்.
"ஆழமாய்ப் புதைத்தால் தண்டிலும் வேர்விடும்,"
என்றபடி சட்டைப்பையைத் துழாவினாள்.

சாவி என்னிடம்தான் இருந்தது.
சும்மா ஏற்றியிருக்கலாம்.
அந்த நேரத்தில் தோன்றவில்லை.
காசு விழுந்தது.
மண் ஏறியது.