ஏழாவது ஷரத்து

மாதம் இருபத்திரண்டாயிரம்.
எண்ணாலும் எழுத்தாலும் போட்டிருந்தார்கள்
காசோலையில் போடுவதுபோல.
என் படிப்பின் பெயருக்குப் பக்கத்தில்
யாரோ பென்சிலால் 'நர்ஸா?' என்று கேட்டு
அழித்திருந்தார்கள்.
தடம் இருந்தது.

மஞ்சக்குப்பத்தில் இப்போது வாங்குவது பதினேழரை.
நடந்தே போய்விடலாம், மதியச் சோறு வீட்டில்.
பாண்டி என்றால்
போக வர அறுபது ரூபாய், மாதத்துக்கு இருபத்தாறு நாள்,
இரவு டியூட்டி முடிந்தால் பேருந்து இல்லை,
லாஸ்பேட்டையில் மூன்று பேர் படுக்கும் அறையில்
நாலாவது பாய்க்கு நாலாயிரம்.
மின்கட்டண ரசீதின் பின்புறம் கழித்துப் பார்த்தேன்.
மிஞ்சியது ஒரு ஜோடி செருப்பு.

ஆனாலும் அங்கே இதயம் திறக்கிறார்கள்.
இங்கே நான்
ரத்த அழுத்தம் குறித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

சென்னையில் மூன்று வருடம்.
முந்நூற்றுப் பன்னிரண்டு கால்கள்.
கணுக்காலில் தொடங்கித் தொடைவரை
கிழியாமல், முறுக்காமல்
ரத்தக்குழாயைப் பிரித்தெடுத்து
உப்புநீரில் போட்டுக் காத்திருப்பேன்.
பெரிய டாக்டர் அதை நெஞ்சில் வைத்துத் தைப்பார்.
வெளியே நிற்கும் மனைவிகள் அவரைக் கும்பிடுவார்கள்.
நியாயம்தான்.
மூன்றாம் நாள் கால் கட்டைப் பிரிக்கும்போது
'வலிக்குதும்மா' என்று திட்டு வாங்குவது நான்.

மேலாளர் பெயர் பாஸ்கல் அருள்ராஜ்.
அங்கயற்கண்ணி என்பது அவருக்கு நீளம்.
'உட்காருங்க மிஸ் கண்ணி' என்றார்.
கண்ணி என்றால் பொறி சார் என்று சொல்லவில்லை.
பொறி அவர் மேசைமேல்தான் இருந்தது,
ஏழாவது ஷரத்தாக:
அசல் சான்றிதழ்கள் இரண்டு வருடம் நிர்வாகத்திடம்.
இடையில் போனால் இரண்டு லட்சம்.

'எவ்வளவு எதிர்பார்க்குறீங்க?'
முப்பது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்திருந்தேன்.
இருபத்தெட்டு என்று வெளியே வந்தது.
இரண்டாயிரம் பல்லிடுக்கிலேயே தங்கிவிட்டது.

'புதுசா வர்றவங்களுக்கு அவ்வளவு...'
'நான் புதுசு இல்ல சார்.'
கால்களின் கணக்கைச் சொன்னேன்.
அதற்குமேல் எனக்குச் சொல்ல எதுவும் தெரியவில்லை.
ஏ.சி. குழாயிலிருந்து ஒரு நீல வாளியில்
சொட்டிக்கொண்டிருந்தது.
எண்ணுவது தொழில் பழக்கம்.
பதினாறாம் சொட்டில் அவர் பேசினார்.

'இருபத்தஞ்சு. நைட் அலவன்ஸ் தனி.'

'சர்டிபிகேட்டை காட்டிட்டு எடுத்துட்டுப் போயிடுவேன் சார்.
நகல் வச்சுக்கோங்க.'
'அது எல்லாருக்கும் உள்ளதுதானே மா.'
மிஸ், மா ஆகியிருந்தது.
மறுபடியும் சொட்டு.
இந்த முறை முப்பத்தொன்று வரை போனது.
பிறகு பேனாவை எடுத்து
ஏழாவது ஷரத்தின் மேல்
சாய்வாக ஒரு கோடு இழுத்தார்,
காது குடைவதுபோல அவ்வளவு சாதாரணமாக.

கிருமாம்பாக்கம் தாண்டும்வரை
ஜன்னலோரம் சிரித்துக்கொண்டே வந்தேன்.

முள்ளோடையில் வண்டியை நிறுத்தி
பாட்டில் தேடினார்கள்.
பெண் காவலர் என் பையை அமுக்கிப் பார்த்து
உறையைப் பிரித்தார்.
'ஆஸ்பத்திரியா? நர்ஸா?'
இல்லை என்று விளக்கத் தொடங்குவதற்குள்
அடுத்த இருக்கைக்குப் போய்விட்டார்.

உறைக்குள் திரும்ப வைக்கும்போதுதான் பார்த்தேன்.
கோடு மெல்லியது.
அடியில் ஒவ்வொரு எழுத்தும் படிக்க முடிகிறது.
கேஸ் ஷீட்டில் ஒரு சொல்லை அடித்தால்
பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் வேண்டும்;
இல்லையென்றால் அது அடித்தது ஆகாது.
இதை எத்தனை பயிற்சி டாக்டர்களிடம்
சத்தம் போட்டுச் சொல்லியிருப்பேன்.

ரெட்டிச்சாவடியில் சிக்னல் கிடைத்தது.
'சார், அடிச்ச இடத்துல உங்க கையெழுத்து.'
நீண்ட மூச்சு.
வாளி அங்கே சொட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

'நாளைக்கு வாங்க.'

இன்னொரு அறுபது ரூபாய்.
மின்கட்டண ரசீதில் இடம் இருந்தது.