புகையாத தீ

வெட்டுமுன் கரும்பைக் கொளுத்துவார்கள் சினான்டேகாவில்.
சூடு தணியுமுன் எலூத்தேரியோ இறங்கிவிடுவான்,
பதினாறு அறுவடை.
இப்போது செவ்வாய், வியாழன், சனி
டயாலிசிஸ் நாற்காலி.

கிரியேட்டினின் அவனுக்குப் பழக்கம்;
எங்கள் தெருவில் மழையளவு மாதிரி விசாரிப்பார்கள்.
இன்று நான் சொன்னது வேறு எண்:
சிஆர்பி, முப்பத்தொன்று.
"காய்ச்சலே இல்லையே?"
இல்லை. புண்ணும் இல்லை.
வெளியேறாத கழிவு
உள்ளே கிடந்து கனல்கிறது,
காவலுக்கு வந்த அணுக்கள்
எதிரியைக் காணாமல்
இதயக் குழாய்ச் சுவரைச் சுடுகின்றன.

யோசித்தான்.
"வயலில் கொளுத்துபவனுக்குக் கூலி உண்டு.
இதை யார் வைத்தது?"

பதில் இல்லாமல் படிவத்தில் எழுதினேன்: அழற்சி.
சொல்லுக்குள்ளேயே அழல்.

தண்ணீர் கேட்டான்.
அரைக் கோப்பை, அளந்து கொடுத்தேன்.
ஒரு மிடறு குடித்து
மீதியை
உள்ளங்கையால் மூடிக்கொண்டான்.